காலையில் முப்பது இழுப்பு, மதியம் ஒரே இழுப்பு: அடம்பிடிக்கும் அவுட்போர்டு மோட்டார்

நவம்பர் 4, காலை

என் படகின் பின்னால் மாட்டியிருப்பது 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டார். வயது பன்னிரண்டு. ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் இழுத்தால் 25, 30 இழுப்பு கேட்கிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால் போதும், அன்று பூராவும் ஒரே இழுப்புதான். ஓட்டத்தில் குறை இல்லை, முழு வேகமும் வருகிறது.

பெட்ரோல் புதுசு, 50-க்கு 1 ஆயில். பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பம்ப் உருண்டை கல் மாதிரி ஆகும்வரை அமுக்குகிறேன். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறது. சோக் (காற்று உள்ளே போகும் வழியைத் தகட்டால் மூடுவது) போட்டுத்தான் இழுக்கிறேன். இன்று 15 இழுப்புக்குப் பிறகு ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். காய்ந்திருந்தன, பழுப்பு நிறம், கரி அதிகம் இல்லை.

ஸ்பார்க் பலவீனம் என்பது என் கணிப்பு. இதே தொல்லை வந்தவர்களுக்குக் கடைசியில் எதில் போய் முடிந்தது?

நவம்பர் 4, இரவு

காலைக் குறிப்புக்குக் கீழே நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில்.

மோட்டாரை நிறுத்தும் கில் ஸ்விட்சின் கிளிப் இடத்தில்தான் இருக்கிறது. அது கழன்றிருந்தால் முப்பதாவது இழுப்பில் என்ன, நூறாவது இழுப்பிலும் பற்றாது. கியர் நியூட்ரலில் இருக்கிறது. என் மோட்டாரில் கியர் விழுந்திருந்தால் கயிறே வராது, பூட்டிக்கொள்ளும். உருண்டையின் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்கிறது. அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி நிற்கும்படி உருண்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னவருக்கு: செய்து பார்த்தேன், சீக்கிரம் இறுகுகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் படுத்த நிலையைவிட நின்ற நிலையில் ஒழுங்காக உட்காருகின்றன. இதுவரை தெரியாமல் இருந்தேன்.

சோக் தகட்டைக் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சோக்கை இழுக்கும் குமிழ் சீராக வெளியே வருகிறது, சீராக உள்ளே போகிறது. சோக்கில் கோளாறு இல்லை.

நவம்பர் 6

புது பிளக் போட்டாயிற்று. என்ஜிகே பிஆர்7எச்எஸ்-10, கையேட்டில் சொன்னதே. எண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு: நடுவில் உள்ள 7 வெப்ப எண், கடைசி 10 என்றால் இடைவெளி 1.0 மி.மீ., ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. என்ஜிகே-யில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக். சாம்பியனில் இது தலைகீழ், எண் ஏறினால் சூடான பிளக். ஒரு கம்பெனி பிளக்குக்குப் பதில் இன்னொன்றை வாங்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாற்று அட்டவணை பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது இழுப்பில் பற்றிக்கொண்டது. பழைய பிளக்தான் காரணம்.

நவம்பர் 7

இன்று காலை 26 இழுப்பு.

நேற்றுச் சோதித்தது மதியம் இரண்டு மணிக்கு. மோட்டார் மூடி வெயிலில் தொட முடியாத சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டில் பழைய பிளக்கும் மூன்று இழுப்பில் பற்றியிருக்கும். குளிர்ந்த மோட்டாரின் தொல்லையைச் சூடான மோட்டாரில் சோதித்துவிட்டுத் தீர்ந்தது என்று எழுதினேன். நேற்றைய குறிப்பின் கடைசி வரியை யாரும் நம்ப வேண்டாம்.

நவம்பர் 8, விடியுமுன்

இருட்டு இருக்கும்போதே ஸ்பார்க் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி, வயரோடு மாட்டி, அதன் உலோக உடம்பை என்ஜின் உலோகத்தில் அழுத்தமாக வைத்து, இன்னொருவரை இழுக்கச் சொன்னேன். இரண்டிலும் நீல நிறம், சடக்கென்ற சத்தம். வயரின் மேல் ஊர்ந்து போகும் பொறி எதுவும் இல்லை. இருட்டில் பார்ப்பது இதற்காகத்தான், உறை வெடித்த வயர் பகலில் நல்ல வயர் போலவே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சிலிண்டர் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், பிளக்கை அந்தத் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வயரைப் பிளக்கோ எர்த்தோ இல்லாமல் அந்தரத்தில் விட்டு இழுக்காதீர்கள். மின்சாரம் போக வழி இல்லாவிட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டியையே அது பதம் பார்க்கும்.

ஆக, ஸ்பார்க் பலவீனம் என்ற என் கணிப்பு தவறு. புது இக்னிஷன் காயில் வாங்கும் எண்ணத்தை நிறுத்திவிட்டேன்.

ஸ்பார்க் சுத்தமாக வரவில்லை என்று எழுதியவருக்கு: எதையும் வாங்குமுன் ஸ்டாப் ஸ்விட்சிலிருந்து சிடிஐ-க்கு வரும் வயரை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். பொறி வந்தால் குற்றம் ஸ்விட்சில். இந்த மோட்டார்களில் நிறுத்துவது என்றாலே மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவதுதான். உப்பு ஏறிய ஸ்விட்ச் எப்போதும் "நிறுத்து" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வயரைக் கழற்றி வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். கிளிப்பை இழுத்தாலும் மோட்டார் நிற்காது.

நவம்பர் 9

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். இரண்டு பிளக்கும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, வேகம் கூட்டும் திராட்டிலை முழுக்கத் திறந்து, மானி மாட்டி ஐந்தாறு இழுப்பு. இரண்டு சிலிண்டரும் 110 பிஎஸ்ஐ-யை ஒட்டி, வித்தியாசம் 5-க்குள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் நெருங்கி இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். மானிக்கு மானி அளவு மாறும், இழுக்கும் கைக்குக் கையும் மாறும். ஒன்று 110, இன்னொன்று 80 என்றிருந்தால் பயப்பட்டிருப்பேன்.

தோள் வலி பற்றி நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வலது தோள் போய்விட்டது. இழுக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே ஸ்டார்ட்டர் பல் கொளுவும்வரை மெதுவாக இழுங்கள், கை ஒரு தடையை உணரும், அங்கிருந்து உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே வீச்சு. கயிற்றை விட்டுவிடாமல் கையோடு உள்ளே அனுப்புங்கள். முழுக் கயிறும் வெளியே வரும்வரை இழுத்தால் கயிறு போகும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் போகும். நின்றுகொண்டு இழுப்பவர்கள் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் நண்பர் ஒருவரின் முழங்கை போன வாரம் என் விலாவில் வந்து நின்றது. "கயிறு அருமையாக ஸ்டார்ட் ஆகிறது, மோட்டார் மட்டும்தான் பாக்கி" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் 11

இந்த இழையில் எதையாவது எடுத்துக்கொண்டு போவதென்றால் இந்தச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில், மோட்டார் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிளக் இரண்டையும் கழற்றினேன். ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு சின்னக் கரண்டி அளவு ஒவ்வொரு துளையிலும் ஊற்றினேன். பிளக்கைத் திருப்பி மாட்டி, சிந்தியதைத் துடைத்து, ஆவி போகக் கொஞ்ச நேரம் விட்டு இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பற்றி, இரண்டு மூன்று விநாடி உறுமி அணைந்தது.

அந்த மூன்று விநாடி சொன்னது என்ன? ஸ்பார்க் சரி. பொறி விழும் நேரமும் சரி, அதாவது ஃப்ளைவீல் என்ற சுழல் சக்கரத்தைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சாவி வெட்டுப்படவில்லை. கம்ப்ரெஷன் சரி. எரிபொருள் ஒன்றுதான் குளிரில் உள்ளே போய்ச் சேரவில்லை. பத்து நிமிட வேலை. நான் இதை ஒரு வாரம் கழித்துச் செய்திருக்கிறேன்.

ஈதர் ஸ்ப்ரே அடித்தால் போதாதா என்று கேட்டவருக்கு: டூ ஸ்ட்ரோக்கில் வேண்டாம். இதில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. ஸ்ப்ரே இருக்கும் ஆயிலையும் கழுவிவிட்டு, வறண்ட சிலிண்டரில் வெடிக்கும். ஆயில் கலந்த பெட்ரோலையே ஊற்றினால் அந்தப் பயம் இல்லை.

குளிரில் மட்டும் ஏன் என்பதற்கு நான் புரிந்துகொண்டது இது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பங்குதான் ஆவியாகிறது, மிச்சம் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் எரியும் அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமென்றால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை உள்ளே விட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பாதையும் நீளம்: காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர், ஒரு திசையில் மட்டும் விடும் ரீட் வால்வு, கிராங்க் தண்டு சுற்றும் கிராங்க் கேஸ், அதன் பிறகுதான் சிலிண்டர். கையால் இழுக்கும் வேகத்தில் காற்று உறிஞ்சும் விசையும் குறைவு. சூடேறிய பிறகு எல்லாமே ஆவியாகிவிடுகிறது, ஒரே இழுப்பில் பற்றுகிறது.

நவம்பர் 12

திருத்தம். மற்றொரு கேள்விக்கு 25-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 25 மி.லி. என்று பதில் போட்டிருந்தேன். தவறு. 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40 மி.லி. 50-க்கு 1 என்றால் 20 மி.லி., 100-க்கு 1 என்றால் 10 மி.லி. என் தவறான கணக்கில் கலந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த டேங்கில் ஆயில் குறைவு. இன்னும் லிட்டருக்கு 15 மி.லி. சேர்த்துவிட்டு ஓட்டுங்கள். இந்த மாதிரித் தவறுதான் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும், அதனால்தான் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.

பழைய பெட்ரோல் பற்றி: மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் முதலில் பறந்துபோவது எளிதில் ஆவியாகும் பங்கு. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியது அந்தப் பங்குதான். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கண்ணாடிக் குப்பியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் கோடு தெரியும். என்னுடையதில் கோடு இல்லை.

நவம்பர் 15

கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஒரு நாள் பூராவும் போனது.

அதில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு படலம், அதன் நடுவில் முத்து மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர். முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் சுத்தம், வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாகத் தெரிந்தது. முழு வேகத்தில் குறை இல்லாததற்குக் காரணம் இதுதான். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட் மயிர்த்துளை, அதில் பாதி அடைத்திருந்தது. கம்பியால் குத்தாதீர்கள், பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் காற்றடித்தேன், போகவில்லை. பிரஷ்ஷின் ஒற்றை நைலான் இழையை விட்டு எடுத்தேன், போனது.

கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் ஸ்ப்ரே அடித்தால் எதிர்பார்க்காத இன்னொரு துளையிலிருந்து நேராக முகத்துக்கு வரும். கார்புரேட்டரில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றுமுன் முழுக்க உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். என்னுடையது ஒன்றரைச் சுற்று. எழுதாமல் கழற்றினால் அப்புறம் கையேட்டைத் தேட வேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் கவிழ்த்துப் பிடித்து மட்டம் பார்த்தேன், ஊசி வால்வின் முனையில் வளையத் தேய்மானம் இல்லை. கேஸ்கெட் புதுசு.

சோதித்தது தண்ணீர்த் தொட்டியில், ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே இருக்கும் கேவிட்டேஷன் தகட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும், கொஞ்ச நேரம்தானே என்று யாரும் செய்யாதீர்கள்.

நவம்பர் 16

காலையில் 12 இழுப்பு. ஐட்லிங் அழகாக நிற்கிறது. பாதி வெற்றி என்று சொல்லலாமா? 12 இழுப்பும் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். இன்றும் எட்டாவது இழுப்பில் நிறுத்திப் பிளக்கைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

மண்ணெண்ணெயில் ஓடும் தன் மோட்டாரும் காலையில் அடம்பிடிக்கிறது என்று எழுதியவருக்கு: உங்கள் தொல்லை வேறு என்று நினைக்கிறேன். கரைக்கு வருமுன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்களா? மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் தங்கும். குளிர்ந்த என்ஜினில் அது லேசில் ஆவியாகாது. மறுநாள் பெட்ரோல் டேங்கை மாட்டினாலும், கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 19

கண்டுபிடித்துவிட்டேன்.

பிளக் காய்ந்திருக்கிறது, உருண்டை இறுகுகிறது, கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது, ஜெட் சுத்தம். அப்படியானால் பெட்ரோலை மேலே உறிஞ்சும் விசைதான் போதவில்லை. மூடியையும் காற்று வாய்க்கு முன்னால் உள்ள உறையையும் கழற்றி, நண்பரை இழுக்கச் சொல்லிவிட்டு, கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். சோக் குமிழ் வெளியே இழுத்த நிலையில்தான் இருந்தது. இரண்டாவது இழுப்பில் பற்றிக்கொண்டது. உள்ளங்கை ஈரம்.

பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். குமிழை முழுக்க இழுத்தும் சோக் தகடு முழுக்க மூடவில்லை. சுண்டு விரல் போகும் அளவுக்குச் சந்து. குமிழிலிருந்து தகட்டுக்குப் போகும் கம்பியைப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் தேய்ந்து, கம்பி அதற்குள் வழுக்கிக்கொண்டிருந்தது. கைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். குமிழ் வரும், போகும், கடைசியில் டக்கென்று நிற்கவும் செய்யும். தகடு மட்டும் முக்கால் தூரம் போய் நின்றுவிடும்.

உள்ளங்கையால் பொத்துவதைத் தனியாகச் செய்யாதீர்கள். பின்வெடிப்பு வந்தால் சூடான ஆவி கையில் அடிக்கும், ஃப்ளைவீல் பக்கத்திலேயே சுற்றுகிறது, தளர்ந்த சட்டைக் கை ஆகாது. தகட்டைக் கண்ணால் பார்ப்பதே போதும். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நவம்பர் 20

இழையை மேலிருந்து படித்துப் பார்த்தேன். முதல் குறிப்பிலேயே விடை இருக்கிறது. 15 இழுப்புக்குப் பிறகும் பிளக் காய்ந்திருந்தது என்று நானே எழுதி, அடுத்த வரியில் ஸ்பார்க் பலவீனம் என்று முடிவும் கட்டியிருக்கிறேன். ஸ்பார்க் இல்லாத மோட்டாரை அவ்வளவு இழுத்தால் பிளக் நனைந்து சொட்டும். காய்ந்த பிளக் என்றால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள்.

அன்றிரவே சோக் தகட்டைப் பற்றி ஒருவர் கேட்டார். குமிழைப் பற்றிப் பதில் சொன்னேன், தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டது அவர், தேடாமல் விட்டது நான். அவருக்கு என் வணக்கம்.

கார்புரேட்டர் வேலை வீணா என்று கேட்டால், இல்லை. பைலட் ஜெட் நிஜமாகவே அடைத்திருந்தது. அதனால்தான் 26 இழுப்பு 12 ஆனது. இரண்டு குறை ஒன்றாக இருந்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது பாதிதான் தீரும்.

என் மோட்டாரில் சோக் தகடே இல்லை, குமிழை அமுக்கினால் பெட்ரோல் பீய்ச்சும் என்று எழுதியவருக்கு: உங்களுடையது பிரைமர் வகை. அதே கேள்விதான், பார்க்கும் இடம் வேறு. குமிழிலிருந்து போகும் மெல்லிய குழாயை மறுமுனையில் கழற்றி அமுக்குங்கள், பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள்.

நவம்பர் 23

புதுக் கிளிப் போட்டேன். தகடு முழுக்க மூடுகிறது. முதல் நாளே மோட்டாரைப் பெட்ரோலில் மூழ்கடித்துவிட்டேன்.

காரணம் கைப்பழக்கம். சோக் போட்டு விடாமல் பத்து இழுப்பு இழுத்துப் பழகிய கை. இப்போது சோக் நிஜமாகவே வேலை செய்வதால் ஆறாவது இழுப்பிலேயே கிராங்க் கேஸ் நிறைந்து பிளக் சொட்டச் சொட்ட வந்தது. இரண்டாவது இழுப்பில் ஒரு சின்ன இருமல் கேட்டது, அதைக் கவனிக்காமல் மேலும் இழுத்ததுதான் தவறு. அந்த இருமல் கேட்டதும் சோக்கைப் பாதியாகக் குறைத்து அடுத்ததை இழுக்க வேண்டும்.

மூழ்கினால் நான் செய்வது: பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுவேன், சோக்கை முழுக்க உள்ளே தள்ளுவேன், நியூட்ரலில் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு திராட்டிலைத் திறந்து எட்டு பத்து இழுப்பு. பற்றியதும் உடனே திராட்டிலைக் குறைக்க வேண்டும், சுமை இல்லாமல் அலறும். அதிலும் பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பேன். படகின் அடித்தளத்தில் பெட்ரோல் வாடை தங்கியிருந்தால் அது போகும்வரை இழுக்கவே மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நவம்பர் 24

ஓட்டி முடித்ததும் குழாயைக் கழற்றிக் கிண்ணம் வற்றும்வரை ஓடவிடலாமா என்ற சண்டை இங்கே மூன்று நாளாக நடக்கிறது. தினமும் ஓட்டுபவர்களுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. காலையில் கிண்ணம் காலியாக இருந்தால் அதை நிரப்புவதே ஒரு வேலை. ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுவேன். ஓடவிட்டு வற்றவைத்தால் அடியில் கொஞ்சம் தங்கும். என் பைலட் ஜெட்டை அடைத்தது அப்படித் தங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 2

கடைசி எட்டு நாள் காலைக் கணக்கு: 3, 2, 2, 3, 2, 4, 2, 2. நாலு இழுப்பு கேட்ட நாளில் உருண்டையை அமுக்க மறந்திருந்தேன்.

கழற்றிய பழைய பிளக்குகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. இடைவெளி பார்த்து, துடைத்து, உதிரியாகப் படகுப் பெட்டியில் வைத்துவிட்டேன். கூடவே சோக் கிளிப் இன்னொன்றும்.